அறிவிப்பு வரும் முன்பே தயாராகுங்கள்: பெங்களூரில் கணினி ஆராய்ச்சி செய்பவர்களுக்கு ஒரு நிதி வழிகாட்டி

"அக்கா, பேப்பரை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஆனால் என்னால் போக முடியாது போல இருக்கு."

மத்திகெரெயில் எங்கள் வீட்டு வாசலில் நின்று இதைச் சொன்னவள் தர்மபுரிப் பெண். விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் ஒரு கல்லூரியில் பிஎச்.டி. செய்கிறாள். ஐரோப்பாவில் நல்ல பெயருள்ள ஒரு கான்ஃபரன்ஸ் அவள் கட்டுரையை ஏற்றிருந்தது. விமானம், விசா, பதிவுக் கட்டணம், தங்குமிடம் என்று கூட்டினால் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. அம்மாவின் வளையலை அடகு வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு. அவளுக்கு அப்படியே பொருந்தக்கூடிய பயண நிதி ஒன்று இருந்தது. அதற்கான கடைசி நாள் பன்னிரண்டு நாட்களுக்கு முன்புதான் முடிந்திருந்தது. அப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது.

அங்கிருந்து நடந்தே போகும் தூரத்தில்தான் இந்திய அறிவியல் கழகம். பஸ் கண்டக்டர்கள் இன்னும் 'டாடா இன்ஸ்டிட்யூட்' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த வளாகத்து மாணவருக்கு இதே செய்தி டீக்கடையில் சீனியர் வாயிலிருந்து வந்துவிடும். நம் ஊரில் நிதி கிடைப்பதில் இருக்கும் பெரிய வித்தியாசம் இதுதான் என்று பத்து வருடங்களாகப் பார்த்துவருகிறேன். செய்தி வாய்வழியாகப் போகிறது, வாய்வழிச் செய்தி சில வளாகங்களின் கேட்டைத் தாண்டுவதில்லை. கேட்டுக்கு வெளியே இருப்பவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: செய்தி உங்களைத் தேடி வர ஏற்பாடு செய்யுங்கள்

வாரத்தில் ஒரு அரை மணி நேரத்தை இதற்கென்று ஒதுக்குங்கள். நான் ஞாயிறு மாலையில் செய்கிறேன். ஏ.என்.ஆர்.எஃப். (மத்திய அரசின் ஆராய்ச்சி நிதி அமைப்பு), அறிவியல் தொழில்நுட்பத் துறை, மின்னணு தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், ஏ.சி.எம். இந்தியா (கணினித் துறையினர் சங்கம்), இந்தியா ஏஐ (மத்திய அரசின் செயற்கை நுண்ணறிவுத் திட்டம்), கர்நாடக மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் ஆகியவற்றின் அறிவிப்புப் பக்கங்களை வரிசையாகத் திறந்து பாருங்கள். புதிதாக ஏதாவது இருந்தால் மூன்று விஷயங்களை மட்டும் ஒரு தாளில் குறியுங்கள்: யாருக்கு, எவ்வளவு, கடைசி நாள் எது. ஆறு மாதம் இப்படிச் செய்தால், எந்த அறிவிப்பு எந்தப் பருவத்தில் வருகிறது என்ற வாசனை பிடிபட்டுவிடும். பல திட்டங்கள் ஏறக்குறைய அதே மாதங்களில்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. போன வருடத்து அறிவிப்பு இந்த வருடத்துக்கு நல்ல முன்னோட்டம்.

பழைய பெயர்களைப் பிடித்துக்கொண்டு தேடாதீர்கள். ஆராய்ச்சிக்கு நிதி தந்த மத்திய அரசின் அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியத்தை முன்பு எல்லோரும் எஸ்.இ.ஆர்.பி. என்றார்கள். 2023இல் நிறைவேறிய சட்டத்தின்படி அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை, அதாவது ஏ.என்.ஆர்.எஃப்., 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எஸ்.இ.ஆர்.பி. அதற்குள் கரைந்துவிட்டது. ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் திரட்டுவது திட்டம், அதில் பெரும்பங்கு அரசுக்கு வெளியிலிருந்து வரவேண்டும் என்பது கணக்கு. இன்னும் சில கல்லூரிகளில் நோட்டீஸ் போர்டில் பழைய பெயரும் பழைய படிவமும்தான் தொங்குகின்றன. அந்தப் படிவத்தில் எழுதிய உழைப்பு வீண்.

செய்தியில் பெரிய தொகையைப் பார்த்ததும் நமக்குத்தான் என்று நினைத்துவிடக் கூடாது. 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒரு லட்சம் கோடி ரூபாய் ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்க நிதிக்கு ஒப்புதல் கொடுத்தபோது என் போன் இரண்டு நாள் ஓயவில்லை. அது தனியார் துறையின் ஆராய்ச்சியை வளர்க்க, நீண்ட காலக் கடனாகவும் முதலீடாகவும் போகும் பணம். பிஎச்.டி. மாணவருக்கோ உதவிப் பேராசிரியருக்கோ நேரடியாக வரும் மானியம் இல்லை. தேசிய குவாண்டம் திட்டம் வேறு மாதிரி. 2023 ஏப்ரலில் 6,003.65 கோடியோடு ஒப்புதல் பெற்றது. அதன் நான்கு மையங்களில் குவாண்டம் கணினிக்கானது நம் ஊரில், இந்திய அறிவியல் கழகத்தில் இருக்கிறது. அதில் வேலை கிடைக்க வாய்ப்பு உண்டு, ஆனால் பெரும்பாலும் திட்டப் பணியாளராக ஒரு குழுவுக்குள் சேர்வதன் வழியாகத்தான்.

வெளிநாட்டுச் செய்தியையும் கொஞ்சம் படியுங்கள். அமெரிக்காவில் 1972 முதல் இயங்கும் கம்ப்யூட்டிங் ரிசர்ச் அசோசியேஷன் என்ற அமைப்பும், அதன் கீழ் 2006இல் அந்நாட்டு தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியோடு தொடங்கிய குழுவும், அடுத்த பத்து ஆண்டுகளில் கணினித் துறை எதை ஆராய வேண்டும் என்று அறிக்கைகள் வெளியிடுகின்றன. அவை இலவசம். அந்தப் பணம் நமக்கு வராது. ஆனால் ஒரு ஆராய்ச்சிக் கேள்வியை, அந்தத் துறையைச் சேராத ஒருவருக்கும் புரியும்படி எப்படி எழுதுவது என்பதை அவற்றிலிருந்து கற்றுக்கொள்ளலாம். நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். இந்திய, அமெரிக்க அமைப்புகள் சேர்ந்து வெளியிடும் கூட்டு அறிவிப்புகளில் பொதுவாக அவரவர் பக்கத்துக்கு அவரவர் நாடுதான் பணம் தரும். எனவே அங்கே ஒரு பேராசிரியரோடு முன்பே பழக்கம் இருந்தால்தான் அந்தக் கதவு திறக்கும்.

இன்னொரு வழி, நேரில் போவது. இந்திய அறிவியல் கழகத்தின் கணினி அறிவியல் துறையில் நடக்கும் கருத்தரங்குகளுக்கு வெளியாட்களும் போகலாம். ஜனவரியில் பெங்களூரில் நடக்கும் காம்ஸ்நெட்ஸ் (கணினி வலையமைப்பு), டிசம்பரில் நாட்டின் ஏதாவது ஒரு நகரத்தில் நடக்கும் எஃப்.எஸ்.டி.டி.சி.எஸ். (கணினி அறிவியல் கோட்பாடு) போன்ற மாநாடுகளில் ஒரு தடவையாவது உட்காருங்கள். எஃப்.எஸ்.டி.டி.சி.எஸ். 1981 முதல் நடந்துவருகிறது. இடைவேளையில் தட்டை ஏந்திக்கொண்டு பேசும் பத்து நிமிடத்தில் கிடைக்கும் தகவல் எந்த இணையப் பக்கத்திலும் இருக்காது.

இரண்டாம் படி: ஒரு தயார்க் கோப்பு

இது சின்ன வேலை, ஆனால் பலர் கடைசி இரவில்தான் செய்கிறார்கள். இரண்டு பக்கத்தில் உங்கள் தன்விவரம், கட்டுரைப் பட்டியல், ஒரு பக்கத்தில் ஆராய்ச்சிச் சுருக்கம், பட்டச் சான்றிதழ்கள், பிறந்த தேதிச் சான்று, பொருந்தினால் சாதிச் சான்றிதழ், காலாவதி ஆகாத பாஸ்போர்ட். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பி.டி.எஃப். ஆக வைத்திருங்கள். தமிழ்நாட்டில் வாங்கிய சாதிச் சான்றிதழ் என்றால் மத்திய அரசின் படிவத்தில் தனியாக வாங்க வேண்டியிருக்கலாம். அதற்கு ஊருக்குப் போய் தாலுகா அலுவலகத்தில் நிற்க வேண்டும், பொங்கலுக்குப் போகும்போதே முடித்துவிடுங்கள். உங்களைத் தெரிந்த இரண்டு பேராசிரியர்களிடம் "தேவைப்படும்போது பரிந்துரைக் கடிதம் தருவீர்களா சார், மேடம்" என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

மூன்றாம் படி: உங்கள் நிலைக்கு எது

இளநிலைப் பொறியியல் மாணவர் என்றால் உங்களுக்குப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. கர்நாடக மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் இந்திய அறிவியல் கழக வளாகத்துக்குள்தான் இயங்குகிறது. இறுதியாண்டுப் பொறியியல் திட்டங்களுக்கு அது நிதி தருகிறது. தொகை சிறியதுதான், ஆனால் ஒரு முன்மொழிவு எழுதி, மதிப்பீட்டைச் சந்தித்து, கணக்குக் காட்டும் அனுபவம் இருபத்தொரு வயதிலேயே கிடைத்துவிடும். பட்டம் முடித்ததும் பிஎச்.டி.க்கு முன் ஓரிரு வருடம் ஆராய்ச்சி செய்து பார்க்க வேண்டும் என்றால், 2005இல் பெங்களூரில் தொடங்கிய மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியாவின் ரிசர்ச் ஃபெல்லோ பணி போன்றவை உண்டு. போட்டி கடுமை, ஆனால் முதுநிலைப் பட்டம் கட்டாயம் என்று நினைத்து விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள். இளநிலைப் பட்டம் போதும்.

பிஎச்.டி. மாணவர்களுக்கு மாதத் தொகையிலிருந்து தொடங்குகிறேன். ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சி ஃபெல்லோஷிப் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், எஸ்.ஆர்.எஃப். என்ற முதுநிலை ஃபெல்லோஷிப் 42,000. பிரதமர் ஆராய்ச்சி ஃபெல்லோஷிப் 2018இல் அறிவிக்கப்பட்டபோது முதல் இரண்டு வருடம் 70,000, பிறகு 75,000, கடைசி இரண்டு வருடம் 80,000, அதோடு ஆண்டுக்கு 2 லட்சம் ஆராய்ச்சி மானியம் என்று இருந்தது. 2025-26 பட்ஜெட்டில், ஐந்தாண்டுகளில் 10,000 ஃபெல்லோஷிப்கள் ஐஐடிகளுக்கும் இந்திய அறிவியல் கழகத்துக்கும் என்று அறிவித்தார்கள். எனவே எந்தக் கல்லூரியில் சேர்கிறீர்கள் என்பதே உங்கள் மாத வருமானத்தைப் பாதியாகவோ இரட்டிப்பாகவோ ஆக்கிவிடுகிறது. இது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் பிஎச்.டி. சேரும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் இருக்காதீர்கள்.

கூகுள், டிசிஎஸ், குவால்காம் போன்ற நிறுவனங்களும் பிஎச்.டி. மாணவர்களுக்கு ஃபெல்லோஷிப் தருகின்றன. இவற்றில் இரண்டு விஷயங்களை முதலில் பாருங்கள்: தகுதியான கல்லூரிகளின் பட்டியல் இருக்கிறதா, நீங்களே விண்ணப்பிக்கலாமா அல்லது கல்லூரி பெயரை அனுப்ப வேண்டுமா. கல்லூரிதான் அனுப்ப வேண்டும் என்றால், உள்ளே நடக்கும் தேர்வின் கடைசி நாள் வெளியில் போட்டிருக்கும் தேதிக்கு மூன்று வாரம் முன்பே முடிந்துவிடும்.

பயண நிதியை மட்டும் நிதானமாகச் சொல்ல வேண்டும், தர்மபுரிப் பெண் தவறவிட்டது இதைத்தான். ஏ.சி.எம். இந்தியாவும் ஐ.ஏ.ஆர்.சி.எஸ். என்ற கணினி ஆராய்ச்சிச் சங்கமும் சேர்ந்து, வெளிநாட்டு மாநாட்டில் கட்டுரை வாசிக்கும் மாணவர்களுக்கு நிதி தருகின்றன. ஏ.என்.ஆர்.எஃப். பக்கம் பயண ஆதரவுத் திட்டம் உண்டு. இவை போக, பெரும்பாலான நல்ல மாநாடுகள் தாங்களே மாணவர்களுக்கு உதவித்தொகையும், தன்னார்வலராக வேலை செய்தால் பதிவுக் கட்டண விலக்கும் தருகின்றன. அதற்கான படிவம் கட்டுரை முடிவு வந்த ஓரிரு வாரத்தில் திறந்து மூடிவிடும். எனவே கட்டுரையை அனுப்பிய அன்றைக்கே பயண நிதிகளின் தேதிகளைத் தாளில் எழுதிவிடுங்கள். ஏற்றுக்கொண்ட பிறகு தேடத் தொடங்கினால் தாமதம். ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் விண்ணப்பிக்கலாம், ஆனால் எல்லாப் படிவத்திலும் மற்றவற்றைக் குறிப்பிடுங்கள். ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்கினால் உங்கள் பெயர் கெட்டுப்போகும், உங்களுக்குப் பின்னால் வரும் கல்லூரி மாணவர்களையும் அது பாதிக்கும்.

கட்டுரையே இல்லாமல் போகக்கூடிய இடமும் உண்டு. ஜெர்மனியில் 2013 முதல் ஒவ்வொரு வருடமும் நடக்கும் ஹைடல்பெர்க் லாரியேட் ஃபோரத்துக்கு, கணிதத்திலும் கணினி அறிவியலிலும் உலகெங்கிலுமிருந்து 200 இளம் ஆராய்ச்சியாளர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கணினித் துறையின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருது பெற்றவர்களோடு ஒரு வாரம். இளநிலை மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். நம் பக்கத்திலிருந்து போதுமான பேர் முயல்வதில்லை என்பது என் ஆதங்கம்.

பிஎச்.டி. முடிக்கும் நேரத்தில் தேசிய முனைவர் பட்ட மேலாய்வு ஃபெல்லோஷிப், அதாவது என்.பி.டி.எஃப்., நினைவில் இருக்கட்டும். வயது வரம்பு 35, பெண்களுக்கும் ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் தளர்வு உண்டு. ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டுப் பட்டத்துக்குக் காத்திருப்பவர்களும் போடலாம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர்களுக்கு பிரதமர் பெயரில் தொடக்கநிலை ஆராய்ச்சி மானியம் இருக்கிறது. அல்காரிதம், கணக்கீட்டுச் சிக்கல்தன்மைக் கோட்பாடு என்று தாளும் பேனாவும் வைத்து வேலை செய்பவர்களுக்கு மேட்ரிக்ஸ் என்ற சிறு மானியம் நல்ல பொருத்தம்: எஸ்.இ.ஆர்.பி. காலத்தில் ஆண்டுக்கு 2 லட்சம், மூன்று வருடம் என்று தொடங்கியது.

நான்காம் படி: பணமா, கணினி நேரமா

இயந்திரக் கற்றல் செய்யும் பலர் "சர்வர் வாங்கப் பணம் வேண்டும்" என்றுதான் வருகிறார்கள். வாங்காமலே வேலை நடக்குமா என்று முதலில் பாருங்கள். 2024 மார்ச்சில் 10,371.92 கோடியோடு ஒப்புதல் பெற்ற இந்தியா ஏஐ திட்டத்தின் கீழ், ஜி.பி.யூ. (இயந்திரக் கற்றலுக்கு வேண்டிய வேகமான சிப்) நேரத்தைச் சலுகை விலையில் பெறலாம். மாணவர்களும் ஆராய்ச்சியாளர்களும் தகுதியானவர்கள், செலவில் 40 விழுக்காடு வரை அரசு ஏற்கிறது. தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் திட்டத்தில் 2022இல் இந்திய அறிவியல் கழகத்தில் நிறுவிய பரம் பிரவேகா 3.3 பெட்டாஃபிளாப்ஸ் திறன் கொண்ட சூப்பர்கம்ப்யூட்டர். அங்கே ஒரு பேராசிரியரோடு கூட்டாக வேலை செய்தால் அதன் நேரம் கிடைக்க வழி பிறக்கலாம். மூன்று வருடத்தில் பழசாகிவிடும் சர்வரை வாங்கி, ஏ.சி. இல்லாத அறையில் வைத்துவிட்டுத் தவித்த கல்லூரிகளைப் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாம் படி: முன்மொழிவு எழுதுவது

முதல் அரைப் பக்கத்தில் மூன்று கேள்விகளுக்கு விடை இருக்க வேண்டும். எது தெரியாமல் இருக்கிறது? அதை ஏன் இப்போது கண்டுபிடிக்க முடியும்? ஏன் நீங்கள்? மதிப்பீட்டாளர் ஒரே நாளில் பல முன்மொழிவுகளைப் படிக்கிறார். உங்கள் சின்னத் துறையில் அவர் நிபுணராக இருக்க மாட்டார்.

"செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தி விவசாயத்தை மேம்படுத்துதல்" என்று எழுதாதீர்கள். "கோலார் தக்காளி இலையின் படங்களில், குறைந்த வெளிச்சத்தில் எடுத்தவற்றில் நோயை அடையாளம் காணும்போது ஏற்படும் பிழை ஏன் அதிகம், அதை எப்படிக் குறைப்பது" என்று எழுதுங்கள். இரண்டாவதைப் படிப்பவருக்கு நீங்கள் வேலையைத் தொட்டுப் பார்த்தவர் என்று புரியும். ஏற்கெனவே செய்து பார்த்த சிறு சோதனையின் முடிவு ஒரு படமாக இருந்தால், பத்துப் பக்க விளக்கத்தைவிட அது பேசும். எது தோற்றுப்போகலாம், தோற்றால் என்ன செய்வீர்கள் என்றும் ஒரு பத்தி எழுதுங்கள். மறைத்தால் மதிப்பீட்டாளரே கண்டுபிடித்துக் கேட்பார்.

எழுதி முடித்ததும் உங்கள் துறையில் இல்லாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். என் முதல் முன்மொழிவை என் தங்கை படித்தாள், அவள் வங்கியில் வேலை செய்கிறாள். மூன்றாவது பத்தியில் "இது எதுக்குன்னு இன்னும் சொல்லலையேக்கா" என்றாள். அந்தப் பத்தியை மேலே கொண்டுவந்தேன்.

ஆறாம் படி: பட்ஜெட்

நல்ல யோசனைகள் இங்கேதான் கைநழுவுகின்றன. பெங்களூரில் ஒரு ஜே.ஆர்.எஃப். மாணவரை வேலைக்கு வைத்து மூன்று வருடத் திட்டம் போடுவோம். மத்திய அரசின் வாடகைப்படிக் கணக்கில் பெங்களூர் எக்ஸ் பிரிவு, அதாவது பெருநகரப் பிரிவு, வீட்டு வாடகைப்படி 30 விழுக்காடு. 37,000இல் அது 11,100. ஆக மாதம் 48,100, வருடம் 5,77,200. மூன்றாம் வருடம் அவர் எஸ்.ஆர்.எஃப். ஆகிவிட்டால் 42,000 கூட்டல் 12,600, மாதம் 54,600, வருடம் 6,55,200. மூன்று வருடத்துக்கு 18,09,600. "ஆளுக்கு 15 லட்சம்" என்று குத்துமதிப்பாகப் போட்டவர்கள் மூன்றாம் வருடத்தின் நடுவில் ஒரு மாணவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டிவரும். அந்த மாணவரின் முகத்தைப் பார்க்க முடியாது. இந்தக் கணக்கைத் தயவுசெய்து துல்லியமாகப் போடுங்கள்.

அடுத்தது வரி. பொது நிதியில் இயங்கும் ஆராய்ச்சி நிறுவனங்களுக்குக் கருவிகள் மேல் முன்பு 5 விழுக்காடு சலுகை ஜி.எஸ்.டி. இருந்தது. 2022 ஜூலையில் அதை எடுத்துவிட்டார்கள். கணினிக்கு இப்போது 18 விழுக்காடு. சீனியர் கொடுத்த பழைய முன்மொழிவைப் பார்த்து எழுதினால், பத்து லட்சம் சர்வருக்கு 10.5 லட்சம் என்று போடுவீர்கள், பில் 11.8 லட்சத்துக்கு வரும். எந்தக் கருவிக்கும் இரண்டு விற்பனையாளர்களிடமாவது விலைப்புள்ளி வாங்கி இணையுங்கள். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் இருக்கும் கணினிக் கடைக்காரர்கள் லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுப்பார்கள். ஆனால் உண்மையில் வாங்கும்போது பெரும்பாலும் ஜெம் என்ற அரசுக் கொள்முதல் இணையத் தளத்தின் வழியாகத்தான் வாங்க வேண்டியிருக்கும் என்பதால் அங்கே விலை என்ன என்பதையும் பாருங்கள்.

ஏழாம் படி: கையெழுத்து

நிதி அமைப்பு கேட்கும் ஒப்புதல் கடிதத்தில் கல்லூரித் தலைவர் கையெழுத்திட வேண்டும். ஒரு கல்லூரியில் நான் இருந்தபோது, முதல்வர் வெளியூரில், பொறுப்பு யாருக்கும் கொடுக்கவில்லை, கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குத் தளம் மூடியது. நான்கு மாத உழைப்பு அப்படியே நின்றது. அதற்குப் பிறகு கடைசி நாளுக்கு இருபது நாள் முன்பே கையெழுத்துக்கான கடிதத்தை அலுவலகத்தில் கொடுத்துவிடுகிறேன். முன்மொழிவு முடியாவிட்டாலும் பரவாயில்லை, தலைப்பும் தொகையும் முடிவானால் போதும். அலுவலகத்தில் அதைக் கையில் வைத்திருப்பவரின் பெயரைத் தெரிந்துகொண்டு, வாரத்துக்கு ஒருமுறை போய் வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள். அவருக்குக் கன்னடம் என்றால் உங்களுக்குத் தெரிந்த கன்னடத்தில் பேசுங்கள், தப்பாக இருந்தாலும் பேசுங்கள்.

எட்டாம் படி: பதில் வந்த பிறகு

'இல்லை' என்று வந்தால் மதிப்பீட்டாளர் குறிப்புகளை இரண்டு நாள் கழித்துப் படியுங்கள். முதல் நாளில் கோபம்தான் தெரியும். அடுத்த முறை அதே முன்மொழிவை, அந்தக் குறிப்புகளுக்குப் பதில் சேர்த்து அனுப்புங்கள். எனக்குக் கிடைத்த ஒரே பெரிய மானியம் மூன்றாவது முறை அனுப்பியது.

'ஆம்' என்று வந்தால் மார்ச் 31 என்ற தேதியை அன்றைக்கே எழுதி ஒட்டிவிடுங்கள். ஜி.எஃப்.ஆர். (மத்திய அரசின் பொது நிதி விதிகள்) 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ், எல்லோரும் யூசி என்று சொல்வது, நிதியாண்டுக் கணக்கில்தான் போகும். அது போகாமல் அடுத்த தவணை வராது. ஒவ்வொரு செலவையும் நடந்த அன்றே ஒரு நோட்டில் எழுதுங்கள், அக்கவுண்ட்ஸ் பிரிவின் கணக்கோடு மாதம் ஒருமுறை ஒத்துப் பாருங்கள்.

பயணத்தில் ஒரு பெரிய வலை இருக்கிறது. அரசு நிதியில் பறக்கும்போது டிக்கெட்டை எங்கே வேண்டுமானாலும் வாங்க முடியாது. பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐ.ஆர்.சி.டி.சி. ஆகிய மூன்று பயண முகவர்களில் ஒன்றின் வழியாக வாங்கச் சொல்வார்கள். என் நண்பர் ஒருவர் ஆறாயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கலாம் என்று ஒரு தனியார் தளத்தில் வாங்கினார், முழு விமானக் கட்டணமும் அவர் கைப்பணமாகிவிட்டது. மானியம் தருபவர் அனுப்பும் ஒப்புதல் கடிதத்தில் இந்த விதி இருக்கிறதா என்று டிக்கெட் எடுக்கும் முன் படியுங்கள். அமெரிக்கா என்றால், விசா நேர்காணலுக்குச் சென்னையோ ஐதராபாத்தோ போகும் செலவையும் நாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் போர்டிங் பாஸ்களை எறியாமல், பதிவுக் கட்டண ரசீதோடும் மாநாட்டில் கொடுக்கும் வருகைச் சான்றோடும் ஒரே உறையில் போட்டு, ஒரு வாரத்துக்குள் அக்கவுண்ட்ஸ் பிரிவில் கொடுத்து, அதன் நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.